மைன்கிராப்ட் தண்ணீரைச் சவாலாக மாற்றுவது எப்படி?

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் பெரியவர்கள் இன்டர்நெட் இணைப்பு, பிரின்டர், ஆன்ட்டி வைரஸ் என்று யோசித்துக் கொண்டிருப்பார்கள். சிறுவர்கள் அதற்குள் ஒரு கேமை இறக்கி விளையாடத் தொடங்கியிருப்பார்கள். அந்த கேம் பெரும்பாலும் சதுரக் கட்டிகளை வெட்டி, அடுக்கி, வீடும் சுரங்கமும் கட்டும் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். இந்த வகையில் புகழ் பெற்றது மைன்கிராப்ட். ஸ்வீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009 மே மாதத்தில் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். முழுமையான பதிப்பு 2011 நவம்பர் 18-ல் வந்தது. 2014-ல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இதைத் தயாரித்த மோஜாங் நிறுவனத்தை வாங்கியது. 2023-ல் விற்பனை 30 கோடி பிரதிகளைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள்.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். கேம் தயாரிப்பது என் தொழில் அல்ல. அலுவலகத்தில் கணக்கு வழக்கு சம்பந்தமான புரோகிராம்களை எழுதுகிறேன். ஒரு கோடை விடுமுறையில் அக்கா மகனுக்காக இந்த வகை கேம் ஒன்றில் தண்ணீரின் விதிகளை மாற்றி எழுதினேன். அப்போது இரண்டு விஷயங்களைக் கற்றுக் கொண்டேன். ஒன்று, கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது. மற்றொன்று, கடினமான விளையாட்டுக்கும் அநியாயமான விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு. இரண்டாவதைக் கற்றுக் கொள்ளக் கொஞ்சம் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அதையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

முதலில் சில சொற்கள்

பிளாக்: கேம் உலகின் ஒரு சதுரக் கட்டி. மண், கல், மரம், தண்ணீர் எல்லாமே பிளாக்குகள்தான்.

டிக்: கேமின் கடிகாரத் துடிப்பு. மைன்கிராப்டில் ஒரு செகண்டுக்கு 20 டிக்குகள்.

மோட்: கேமில் இல்லாத வசதியைச் சேர்க்க அல்லது இருக்கும் விதியை மாற்ற, மற்றவர்கள் எழுதிச் சேர்க்கும் சிறிய புரோகிராம்.

வேர்ல்ட்: நீங்கள் விளையாடிச் சேமித்து வைத்துள்ள உலகம். உங்கள் கம்ப்யூட்டரில் இது ஒரு போல்டராக இருக்கும்.

கேமில் தண்ணீர் எப்படி ஓடுகிறது?

மைன்கிராப்டில் தண்ணீர் பிளாக்குகள் இரண்டு வகை. ஒன்று ஊற்று, இதை சோர்ஸ் என்பார்கள். மற்றொன்று அதிலிருந்து ஓடும் தண்ணீர். ஒரு வாளித் தண்ணீரைச் சமதரையில் கொட்டினால், கொட்டிய இடம் ஊற்றாகிவிடும். அதிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 7 பிளாக் தூரம் வரை தண்ணீர் பரவும். தள்ளிப் போகப் போக உயரம் குறைந்து, 7-வது பிளாக்கோடு நின்றுவிடும். ஜாவா எடிஷனில் ஒரு பிளாக் நகர 5 டிக் ஆகும். அதாவது செகண்டுக்கு 4 பிளாக் வேகம்.

பக்கத்தில் பள்ளம் இருந்தால் தண்ணீர் அதைத் தேடிச் செல்லும். ஒவ்வொரு பிளாக்கும் தன்னைச் சுற்றி 4 பிளாக் தூரத்துக்குள் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் ஓடும். இதைப் பார்த்தால் தண்ணீருக்கு அறிவு இருப்பது போலத் தோன்றும். உண்மையில் ஒரு சிறிய விதிதான் வேலை செய்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்தத் தண்ணீருக்கு அளவே கிடையாது. ஊற்று எவ்வளவு ஓடினாலும் குறையாது. ஓடிய தண்ணீர் எங்கும் தேங்கி உயராது. மலை உச்சியில் ஒரு வாளியைக் கொட்டினால் அடிவாரம் வரை அருவி விழுந்து கொண்டே இருக்கும். கீழே குளம் நிறையாது, மேலே ஊற்று வற்றாது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஓடும் தண்ணீர் பிளாக் ஒன்றின் பக்கங்களில் இரண்டு ஊற்றுகள் இருந்து, அதன் அடியில் கெட்டியான தரை இருந்தால், அதுவும் ஊற்றாகிவிடும். இரண்டுக்கு இரண்டு பிளாக் குழி தோண்டி, எதிரெதிர் மூலைகளில் இரண்டு வாளி ஊற்றினால் போதும். வற்றாத கிணறு தயார். எத்தனை ஆயிரம் வாளி மொண்டாலும் அது அப்படியே இருக்கும்.

விவசாயத்துக்கும் இதே தாராளம்தான். ஒரு பிளாக் தண்ணீர் தன்னைச் சுற்றி நாலு பக்கமும் 4 பிளாக் தூரம் வரை நிலத்தை ஈரமாக வைத்திருக்கும். 9-க்கு 9 கட்டத்தின் நடுவில் ஒரே ஒரு வாளி ஊற்றினால் மீதி 80 கட்டங்களிலும் பயிர் செய்யலாம்.

மூழ்கினால் மட்டும் ஆபத்து உண்டு. திரையில் 10 குமிழ்கள் தெரியும். அவை 15 செகண்டில் தீர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு செகண்டும் ஒரு இதயம் குறையும். மொத்தம் 10 இதயங்கள்.

என் அக்கா மகன் இதைத்தான் ஒரே வரியில் சொன்னான்: "மாமா, இதுல தண்ணி ரொம்ப சும்மா. ரெண்டு வாளி இருந்தா கடலையே ரொப்பிடலாம்."

ஏன் இப்படி அமைத்தார்கள்?

கம்ப்யூட்டருக்கு வேலை குறைய வேண்டும் என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 50 பிளாக் நீளம், 50 பிளாக் அகலம், 4 பிளாக் ஆழம் உள்ள ஒரு ஏரியை எடுத்துக் கொள்ளுங்கள். மொத்தம் 10,000 பிளாக்குகள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு தண்ணீர் என்று கணக்கு வைத்து, ஒவ்வொன்றும் கீழே ஒன்று, பக்கத்தில் நாலு என 5 பிளாக்குகளைப் பார்க்க வேண்டும் என்றால் 50,000 சோதனைகள். செகண்டுக்கு 4 முறை என்றால் 2 லட்சம் சோதனைகள். இது ஒரு ஏரிக்கு மட்டும். கடலுக்கு?

மைன்கிராப்டின் ஊற்று முறையில் இந்தத் தொல்லை இல்லை. தண்ணீர் ஓடி முடிந்து நின்றுவிட்டால் அதைப் பற்றி கம்ப்யூட்டர் மறந்துவிடலாம். பக்கத்தில் உள்ள பிளாக்கை யாராவது உடைத்தாலோ வைத்தாலோ மட்டும் மறுபடி பார்த்தால் போதும். அசையாத கடலுக்குக் கணக்கு பூஜ்யம்.

2009-ல் வந்த ஆரம்பப் பதிப்பில் தண்ணீர் இதைவிட முரடாக இருந்தது. ஒரு பிளாக் உடைந்தால் உள்ளே நுழைந்து, தடுப்பு இருக்கும் இடம் வரை பக்கவாட்டிலும் கீழேயும் எல்லாவற்றையும் நிரப்பிவிடும். தூர வரம்பு இல்லை. அதை உறிஞ்சித் தடுக்க ஸ்பாஞ்ச் என்ற பிளாக்கைக் கொடுத்தார்கள். 7 பிளாக் வரம்பு பிற்பாடு வந்தது. ஆக, இன்றைய சாதுவான தண்ணீர் ஆராய்ந்து எடுத்த முடிவு. கடினமாக்க நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது, நான் மறந்தேன்.

அளவுள்ள தண்ணீர்: புளியங்கொட்டைப் பயிற்சி

தண்ணீரைச் சவாலாக்க முதல் வழி, அதற்கு அளவு வைப்பது. ஊற்று என்று ஒன்று இருக்காது. இருக்கும் தண்ணீர் இடம் மாறும், கூடாது, குறையாது. இது எப்படி நடக்கிறது என்று பார்க்க கம்ப்யூட்டரே தேவையில்லை. ஒரு பேப்பரும் 8 புளியங்கொட்டைகளும் போதும்.

பேப்பரில் வரிசையாக 5 கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் 8 கொட்டைகளையும் வையுங்கள். விதி இதுதான்: இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஜோடிக் கட்டங்களாகப் பாருங்கள். இடது கட்டத்தில் வலது கட்டத்தை விட 2 அல்லது அதற்கு மேல் கொட்டைகள் அதிகம் இருந்தால், ஒரு கொட்டையை வலப்பக்கம் நகர்த்துங்கள். கடைசி ஜோடி வரை போனால் ஒரு சுற்று முடிந்தது.

தொடக்கம்: 8, 0, 0, 0, 0
முதல் சுற்று: 7, 1, 0, 0, 0
2-வது சுற்று: 6, 1, 1, 0, 0
3-வது சுற்று: 5, 2, 1, 0, 0
4-வது சுற்று: 4, 2, 1, 1, 0
5-வது சுற்று: 3, 2, 2, 1, 0

6-வது சுற்றில் எதுவும் நகராது. எந்த ஜோடியிலும் வித்தியாசம் 2 இல்லை. கூட்டிப் பாருங்கள், 8 அப்படியே இருக்கிறது. ஆனால் தண்ணீர் மட்டமாக இல்லை. ஒரு பக்கம் மேடாக, படிக்கட்டு போல நின்றுவிட்டது.

"வித்தியாசம் 1 இருந்தாலே நகர்த்தலாம், இருபுறமும் நகர்த்தலாம் என்று மாற்றிவிட்டால் மட்டமாகிவிடுமே?" என்று கேட்பீர்கள். மாற்றிப் பாருங்கள். 8 கொட்டைகளை 5 கட்டங்களுக்குச் சமமாகப் பிரிக்க முடியாது. எனவே மிஞ்சும் கொட்டைகள் இடதும் வலதுமாக அலைந்து கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் இதுதான் நடக்கும். ஏரியின் மேற்பரப்பு எப்போதும் நடுங்கிக் கொண்டே இருக்கும்; கணக்கும் முடியாது. மட்டம் வேண்டுமா, ஓய்வு வேண்டுமா என்று புரோகிராம் எழுதுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த வழியில் சென்ற கேம்களும் உண்டு. டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2006-ல் வெளியிட்ட டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்ற கேமில் ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரின் ஆழம் 1 முதல் 7 வரை எண்ணாக இருக்கும். ஆழம் 1 மட்டும் உள்ள தண்ணீர் நாளடைவில் ஆவியாகிவிடும். அலைந்து கொண்டிருக்கும் மிச்சக் கொட்டைப் பிரச்சினைக்கு இது அழகான தீர்வு. அதில் நீர் அழுத்தமும் உண்டு. கொத்தனார்கள் நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். டியூப் எப்படி வளைந்தாலும் இரு முனையிலும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும். அந்த கேமிலும் ஆற்றுத் தண்ணீரைச் சுரங்கத்துக்குள் விட்டால், மறுமுனையில் ஆற்றின் மட்டத்துக்கு ஏறி வரும். இதை அறியாமல் வாய்க்கால் வெட்டினால் கோட்டை முழுவதும் மூழ்கும். 2011-ல் வந்த டெரேரியா கேமிலும் ஏரியை உடைத்தால் தண்ணீர் வடிந்து ஏரி குறையும்.

நான் செய்த தவறு

அக்கா மகன் விளையாடுவது லுவாண்டி என்ற இலவச சாப்ட்வேரில். 2010-ல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கி, 2024-ல் லுவாண்டி என்று பெயர் மாறியது. சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும். தண்ணீரின் அடிப்படை விதிகள் மைன்கிராப்டைப் போலவேதான். லுவா என்ற எளிய மொழியில் யார் வேண்டுமானாலும் இதற்கு மோட் எழுதலாம்.

அவன் "தண்ணி சும்மா" என்று சொன்ன அன்று இரவே உட்கார்ந்து விட்டேன். ஒவ்வொரு தண்ணீர் பிளாக்குக்கும் 8 அளவு. முதலில் கீழே இறங்கு. இடமில்லை என்றால் பக்கத்தில் சமமாகப் பரவு. மூன்று இரவுகளில் மோட் தயார். சோதிக்க ஒரு உலகம் வேண்டும். அவன் தூங்கிக் கொண்டிருந்தான். அவனுடைய வேர்ல்டிலேயே மோடை இயக்கி வைத்துவிட்டேன். காலையில் ஆச்சரியப்படுவான் என்று நினைத்தேன்.

அந்த வேர்ல்டில் அவன் 12 நாட்களாக ஏரிக்கு அடியில் ஒரு வீடு கட்டியிருந்தான். நூலகம், பொருட்களை அடுக்கி வைக்க வரிசையாகப் பெட்டிகள், சுவரெல்லாம் தீப்பந்தங்கள். கூடத்தின் நடுவில் ஒரு அருவி. ஏரியின் அடியில் ஒரே ஒரு பிளாக்கை எடுத்துவிட்டு, விழும் தண்ணீர் ஒரு பிளாக் குழிக்குள் போகும்படி செய்திருந்தான். பழைய விதிப்படி அந்த அருவியால் எந்த ஆபத்தும் இல்லை. தண்ணீர் விழுந்து கொண்டே இருக்கும், தேங்காது. எத்தனை நாள் ஆனாலும் அப்படியே இருக்கும். அதைத் தெரிந்து வைத்துக் கொண்டுதான் கட்டியிருந்தான்.

என் விதிப்படி என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். காலையில் அவன் வேர்ல்டைத் திறந்ததும் குழி நிரம்பியது. கூடம் நிரம்பியது. கம்ப்யூட்டரின் பேன் இரைந்தது. லுவாண்டியில் தண்ணீர் பட்டால் தீப்பந்தம் பிடுங்கிக் கொண்டு போய்விடும். ஒவ்வொன்றாக அணைந்து நூலகம் இருட்டாகியது. வழி தெரியாமல் சுற்றி, மூச்சு தீர்ந்து மூழ்கினான். மேலே ஏரி வற்றிச் சேறாகக் கிடந்தது. பழைய நிலைக்குக் கொண்டு போகலாம் என்றால், நான் பேக்கப் எடுக்கவில்லை. தினமும் அலுவலகத்தில் மற்றவர்களுக்குப் பேக்கப் எடுக்கச் சொல்பவன் நான்.

அவன் அழவில்லை. என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டான்: "நான் என்ன மாமா தப்பு பண்ணேன்?"

என்னிடம் பதில் இல்லை. அவன் எந்தத் தவறும் செய்யவில்லை. என் புரோகிராமிலும் பிழை இல்லை. எழுதியபடியே சரியாக வேலை செய்தது. பிழை என் முடிவில் இருந்தது. இரண்டு நாள் அவன் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. அக்கா, "புள்ளைய என்னடா பண்ணே?" என்று கேட்டுக் கொண்டே இருந்தாள்.

சவாலுக்கு மூன்று நிபந்தனைகள்

அந்த இரண்டு நாட்களில் அவன் கேள்வியையே திரும்பத் திரும்ப யோசித்தேன். விளையாட்டில் தோற்றவர் "நான் என்ன தவறு செய்தேன்" என்று கேட்டால் அவரே ஒரு வரியில் பதில் சொல்ல முடிய வேண்டும். முடிந்தால் அது சவால். முடியாவிட்டால் விபத்து. இதிலிருந்து மூன்று நிபந்தனைகள் கிடைத்தன.

1. விதி முன்கூட்டியே தெரிய வேண்டும். ஓடிக் கொண்டிருக்கும் வேர்ல்டில் விதியை மாற்றக் கூடாது. புதிய விதிக்குப் புதிய வேர்ல்டு. தொடக்கத்திலேயே சிறிய, ஆபத்தில்லாத இடத்தில் அந்த விதியை ஆட்டக்காரர் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு குட்டையில் வாளியை மொண்டால் மட்டம் இறங்குவது தெரிந்தாலே போதும். ஏரியும் வற்றும் என்று அவரே புரிந்து கொள்வார்.

2. ஆபத்துக்கு முன் அறிகுறி வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருந்தால் இந்தப் பக்கம் ஈரம் தெரிய வேண்டும், சொட்ட வேண்டும். மைன்கிராப்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது: கூரைப் பிளாக்குக்கு மேல் தண்ணீர் இருந்தால் அதன் அடியில் சொட்டுகள் விழும். சுரங்கம் தோண்டுபவர் அதைப் பார்த்து நிறுத்திக் கொள்வார். அறிகுறிக்கும் ஆபத்துக்கும் நடுவில் ஏதாவது செய்ய அவகாசமும் வேண்டும். செகண்டுக்கு 4 பிளாக் வேகத்தில் வெள்ளம் வந்தால் யோசிக்க நேரமில்லை.

3. ஒவ்வொரு புதிய ஆபத்தோடும் ஒரு புதிய கருவி வேண்டும். அந்தக் கருவிக்கு ஒரு விலையும் இருக்க வேண்டும். தண்ணீர் வடியும் என்றால் அதை அடைக்க மதகு. சுரங்கம் நிரம்பும் என்றால் இறைக்க பம்பு. பம்பு ஓடக் கரி. எங்கே மதகு வைப்பது, எவ்வளவு கரி ஒதுக்குவது என்று ஆட்டக்காரர் யோசிக்கத் தொடங்கும் இடத்தில்தான் விளையாட்டு சுவைக்கும்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் எது சவால், எது வெறும் தொல்லை என்று எளிதில் பிரிக்கலாம். மூச்சு 15 செகண்டை 7 ஆகக் குறைப்பது தொல்லை. ஆட்டக்காரர் முன்பு செய்ததையே அவசரமாகச் செய்வார். புதிதாக எதையும் யோசிக்க மாட்டார். மாறாக, 2018 ஜூலையில் வந்த மைன்கிராப்ட் 1.13 பதிப்பைப் பாருங்கள். அதில் தண்ணீருக்கு அடியில் மாக்மா பிளாக் இருந்தால் கீழே இழுக்கும் குமிழ்ச் சுழல் உண்டாகும். சோல் சேண்ட் என்ற மணல் இருந்தால் மேலே தள்ளும் குமிழ்கள் உண்டாகும். ஒன்று ஆபத்து, மற்றொன்று கருவி. கடலுக்கு அடியில் வீடு கட்டுபவர் அந்த மணலைத் தேடிக் கொண்டுவந்து மேலே செல்ல லிப்ட் போலப் பயன்படுத்துகிறார். இதுதான் சவால்.

நீங்களே செய்து பார்க்க

மோட் எழுதத் தெரியாதவர்களும் தண்ணீர் விதியை மாற்றலாம். முதல் வேலை பேக்கப். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்.

மைன்கிராப்ட் ஜாவா எடிஷனில்:

1. சிங்கிள்பிளேயர் என்பதைக் கிளிக் செய்யவும். பழைய வேர்ல்டு இருந்தால் அதைத் தேர்வு செய்து, எடிட் என்ற பட்டனை அழுத்தி, மேக் பேக்கப் என்பதைக் கிளிக் செய்யவும். பிரதி ஒன்று சேமிக்கப்படும்.

2. கிரியேட் நியூ வேர்ல்டு என்பதைக் கிளிக் செய்யவும். மேலே உள்ள டேப்களில் மோர் என்பதைத் தேர்வு செய்து, கேம் ரூல்ஸ் என்பதைத் திறக்கவும்.

3. பட்டியலில் "வாட்டர் கன்வெர்ட்ஸ் டு சோர்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். இது 2022 டிசம்பரில் வந்த 1.19.3 பதிப்பிலிருந்து உள்ளது. வழக்கமாக ஆன் என்று இருக்கும். இதை ஆஃப் செய்யவும்.

4. வேர்ல்டை உருவாக்கி, இரண்டு வாளி கிணற்றை வெட்டிப் பார்க்கவும். தண்ணீர் பரவும்; ஆனால் புதிய ஊற்று பிறக்காது. மொண்டால் தீர்ந்துவிடும்.

இந்த ஒரு மாற்றத்திலேயே விளையாட்டு மாறிவிடும். ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் ஆற்றிலிருந்தோ கடலிலிருந்தோ சுமந்து வர வேண்டும். எங்கே வீடு கட்டுவது என்ற கேள்விக்கு முதல் முறையாக அர்த்தம் வரும். கருவியும் உண்டு. கொப்பரை ஒன்றைத் திறந்த வெளியில் வைத்தால் மழையில் மெல்ல நிரம்பும். 2021-ல் 1.17 பதிப்பில் வந்த கூரான டிரிப்ஸ்டோன் கல்லை, மேலே தண்ணீர் உள்ள கூரைப் பிளாக்குக்கு அடியில் தொங்கவிட்டு, அதன் நேர் கீழே கொப்பரை வைத்தால் சொட்டுச் சொட்டாக நிரம்பும். மேலே உள்ள தண்ணீர் குறையாது. ஆனால் நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே காத்திருப்புதான் விலை.

லுவாண்டியில்:

1. லுவாண்டியைத் திறந்து, கன்டென்ட் டேப் வழியாக மைன்டெஸ்ட் கேம் என்பதை இறக்கிக் கொள்ளவும். பிறகு அபவுட் டேபில் உள்ள "ஓப்பன் யூசர் டேட்டா டைரக்டரி" என்ற பட்டனைக் கிளிக் செய்யவும். ஒரு போல்டர் திறக்கும்.

2. அதில் வேர்ல்ட்ஸ் என்ற போல்டரை அப்படியே காப்பி செய்து வேறு இடத்தில் பேஸ்ட் செய்யவும். இதுதான் பேக்கப்.

3. கேம்ஸ் போல்டருக்குள் மைன்டெஸ்ட் கேம், அதற்குள் மோட்ஸ், அதற்குள் டிபால்ட் என்று வரிசையாகத் திறக்கவும். அங்கே என்-ஓ-டி-இ-எஸ் என்ற பெயரில் ஒரு லுவா பைல் இருக்கும். இங்கு நோட் என்றால் பிளாக் என்று பொருள். இந்த பைலையும் ஒரு காப்பி எடுத்துவிட்டு, நோட்பேடில் திறக்கவும்.

4. கன்ட்ரோல் கீயுடன் எஃப் அழுத்தி, ரிவர் வாட்டர் சோர்ஸ் என்ற பகுதியைத் தேடவும். ஆற்றுத் தண்ணீருக்கான வரிகள் அங்கே இருக்கும். லிக்விட் ரினியூவபிள் என்ற வரியில் ஃபால்ஸ் என்று இருப்பதைக் கவனிக்கவும். இது தானாகப் பெருகாத தண்ணீர். சரிவான ஆறுகளில் ஊற்று பெருகிக் கரை புரளக் கூடாது என்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள்.

5. அடுத்துள்ள லிக்விட் ரேஞ்ச் என்ற வரியில் 2 என்று இருக்கும். இது தண்ணீர் பரவும் தூரம். இதை 5 என்று மாற்றவும். லிக்விட் விஸ்காசிட்டி என்பதில் 1 என்று இருக்கும். இது தண்ணீரின் கெட்டித்தன்மை. அதிகபட்சம் 7, லாவாவுக்கு அதுதான். இதை 4 என்று மாற்றவும். அடுத்து வரும் ரிவர் வாட்டர் ஃப்ளோயிங் பகுதியிலும் இதே மாற்றங்களைச் செய்து, சேவ் செய்யவும்.

6. கிரியேட்டிவ் மோடில் புதிய வேர்ல்டு ஒன்றை உருவாக்கி, ஆற்றுத் தண்ணீரை வைத்துப் பார்க்கவும். முன்பைவிட மெதுவாக, ஆனால் அதிக தூரம் ஓடும். அதில் நடக்கவும் சிரமமாக இருக்கும்.

குறிப்பு: கேமை அப்டேட் செய்தால் நீங்கள் செய்த மாற்றங்கள் அழிந்துவிடும். நிலையாக வேண்டும் என்றால் தனி மோடாக எழுத வேண்டும். கற்றுக் கொள்ள இந்த வழி போதும்.

இரண்டாவது முறை

மூன்றாம் நாள் அக்கா மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். புதிய வேர்ல்டு ஒன்றைத் தொடங்கி, விதிகளை அவனிடம் முதலிலேயே சொன்னேன். இந்த முறை தண்ணீர் செகண்டுக்கு ஒரு அளவு மட்டும் நகரும். அளவு 1 உள்ள தண்ணீர் ஆவியாகும். ஆட்டக்காரருக்கு அருகில் உள்ள தண்ணீரை மட்டும் கம்ப்யூட்டர் கணக்கிடும். பேன் இரைச்சல் அடங்கியது. மதகும் பம்பும் சேர்த்தேன். மதகை எப்படி அமைப்பது என்று அவனே சொன்னான்: கைப்பிடியைப் பார்த்தாலே திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தூரத்திலிருந்து தெரிய வேண்டுமாம். மூன்று நிபந்தனைகளையும் நான் அவனிடம் சொல்லவே இல்லை. இரண்டாவதை அவனே கண்டுபிடித்துவிட்டான்.

விடுமுறை முடியும் முன் அவன் வீடு மறுபடியும் ஒரு முறை மூழ்கியது. இந்த முறை பேக்கப் இருந்தது. நான் பதறிப் போய் அதைத் திறக்கப் போனேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான். "வேணாம் மாமா. மதகை மூட மறந்துட்டேன், அதான்" என்று சிரித்துக் கொண்டே கரியை எடுத்து பம்பில் போட்டான்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்த கேமின் விதியை மாற்றினாலும், ஒரு புதிய வேர்ல்டைத் தொடங்கி, பேக்கப் எடுத்து, விளையாடப் போகிறவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். அவர் தோற்ற பிறகு காரணத்தைக் கேளுங்கள். அவரே காரணத்தைச் சொல்லிவிட்டால் உங்கள் விதி நல்ல விதி.